தைராய்டு மாத்திரை தொடங்கி 23 நாள்: அசதி போகவில்லை, புதிதாகப் படபடப்பு. நிறுத்திவிடலாமா?

கரும்பலகை | 2024 ஜூன் 12, இரவு 10.15

வணக்கம். வயது 34, எடை 68 கிலோ. திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரு வருடமாகவே உடம்பு கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது. ஏப்ரல் வெயிலில் எல்லோரும் வியர்த்து ஒழுகும்போது நான் மட்டும் ஃபேனை நிறுத்தச் சொல்வேன். காலையில் முகம் உப்பியிருக்கும். மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. குரல் கரகரத்துப் போய், பாடம் நடத்தும்போதே சொல்ல வந்த சொல் மறந்து நிற்பேன், பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள். மாதவிடாய் ஒன்பது நாள் வரை நீடித்தது. முதலில் பார்த்த இடத்தில் ரத்தசோகை என்று மட்டும் சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் சாப்பிட்டும் அசதி போகவில்லை.

மே மாதம் வேறு மருத்துவரைப் பார்த்தேன். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததுமே ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 62, மிக அதிகம். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 0.4, குறைவு. தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும் ஆன்டி டிபிஓ 780. ஹீமோகுளோபின் 8.9. ஹஷிமோட்டோ தைராய்டு, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய் என்றார். மே 20 அன்று 50 மைக்ரோகிராம் மாத்திரை தொடங்கினேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் நான்கு நாள் நன்றாக இருந்தது, மொட்டை மாடிவரை மூச்சு வாங்காமல் ஏறினேன். அப்புறம் பழையபடி படுத்துவிட்டேன். இப்போது ஒரு வாரமாக இரவில் நெஞ்சு படபடக்கிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. சீப்பு நிறைய முடி. "ஒருமுறை ஆரம்பித்தால் சாகும்வரை நிறுத்த முடியாது, இப்போதே விட்டுவிடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

வேகநடை | ஜூன் 12, இரவு 10.50

எனக்கும் இதே கதைதான். 50-இல் ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நானாகவே இரண்டு மாத்திரை, அதாவது 100 போட ஆரம்பித்தேன். ஒரே வாரத்தில் ஆள் மாறிவிட்டேன். காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். உங்கள் டோஸ் குறைவு, அவ்வளவுதான். கூட்டிப் பாருங்கள்.

மருந்துக்கடை | ஜூன் 12, இரவு 11.30

கரும்பலகை அவர்களே, நான் கோவையில் 19 வருடமாக மருந்தாளுநர். தயவுசெய்து நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மாத்திரையில் இருப்பது லெவோதைராக்சின். நம் தைராய்டு சுரப்பி சுரக்கும் டி4 ஹார்மோனும் இதுவும் ஒன்றுதான். தலைவலி மாத்திரை போல அரை மணியில் வேலை செய்துவிட்டுப் போகிற சரக்கு இல்லை. இன்று நீங்கள் விழுங்கியதில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் தினமும் ஒன்றாகப் போடப்போட ரத்தத்தில் அளவு மெல்ல ஏறி, ஐந்தாறு வாரத்தில்தான் ஒரு நிலைக்கு வரும். கிணற்றில் ஊற்று ஊறுகிற மாதிரி. டிஎஸ்எச் என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி "இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்" என்று தைராய்டைக் கேட்கிற குரல். 62 வரை உயர்ந்த அந்தக் குரல் இறங்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். 23-ஆவது நாளில் "வேலை செய்கிறதா இல்லையா" என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது வாரத்து நான்கு நல்ல நாட்களை மறக்காதீர்கள். உடம்பு மருந்தை ஏற்கத் தொடங்கியதன் அடையாளமாக அது இருக்கலாம். ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருக்கும்.

ஆனால் படபடப்பை மட்டும் நாளைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலை சுற்றி விழுவது என்று எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். ஹீமோகுளோபின் 8.9 இருந்தாலே இதயம் வேகமாக அடிக்கும். மாத்திரைதான் காரணம் என்று இப்போதே முடிவுகட்ட முடியாது.

மூன்று கேள்வி. மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? அதோடு வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்? டப்பாவை எங்கே வைக்கிறீர்கள்?

வேகநடை, கோபப்படாமல் கேளுங்கள். உங்களுக்குக் கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தீர்கள்?

கரும்பலகை | ஜூன் 13, காலை 6.40

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இன்று பள்ளி முடிந்ததும் மருத்துவரைப் பார்க்கிறேன்.

காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை. மறந்துவிடக் கூடாது என்று இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொள்வேன். ஐந்து, பத்து நிமிடத்தில் காபி. எங்கள் வீட்டில் டிகாக்‌ஷன் இறங்குகிற வாசனைக்குத்தான் எல்லோரும் எழுந்திருப்போம். டப்பா அடுப்புக்கு மேல் அலமாரியில் இருக்கிறது.

மருந்துக்கடை | ஜூன் 13, காலை 7.05

இதைத்தான் தேடினேன். நீங்கள் 50 போடுகிறீர்கள், ஆனால் உடம்புக்குள் 50 போகவில்லை.

இரும்பும் கால்சியமும் இந்த ஹார்மோனைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் டானிக்கும் அப்படித்தான். காபியும் உறிஞ்சுவதைக் குறைக்கும். அதனால் மாத்திரை வெறும் தண்ணீரோடு, அரை மணி, முடிந்தால் ஒரு மணி கழித்துத்தான் காபி. மருந்துச் சீட்டில் "வெறும் வயிற்றில்" என்று மட்டும் எழுதிவிடுவார்கள். நம் ஊரில் காபி குடித்தாலும் வெறும் வயிறு என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். கடையில் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி அனுப்புவேன், பாதிப் பேர் அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுவார்கள்.

டப்பாவை இன்றே அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். சூடும் ஈரமும் வெளிச்சமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. வாங்கிய பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி, படுக்கை அறை அலமாரியில் வையுங்கள்.

இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள், அதுவும் உங்களுக்கு அவசியம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கால்சியத்தை இரவுக்கு. இந்த மாற்றத்தை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். ஒன்றாகப் போட்டது தெரியாமல் அவர் டோஸைக் கூட்டினால், நீங்கள் பிரித்துப் போட ஆரம்பித்ததும் அளவு மிஞ்சிப்போகும்.

ஆத்தங்கரை61 | ஜூன் 13, காலை 9.20

தங்கச்சி, நான் கும்பகோணம். ஓய்வு பெற்றவன். 2016-இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவன். அதற்கு மூன்று வருடம் கழித்து டிஎஸ்எச் 30 என்று வந்தது. எனக்கு எவ்வளவில் தொடங்கினார்கள் தெரியுமா? 12.5 மைக்ரோகிராம். எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது முழு அளவு என்று சொல்வார்கள், அந்தக் கணக்குப்படி எனக்கு 110 வர வேண்டும். அப்படி எடுத்த எடுப்பில் கொடுத்தால் என் இதயம் தாங்காது. இந்த ஹார்மோன் இதயத்தை வேகமாக ஓடச் சொல்கிறது, ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவனுக்கு அது நெஞ்சு வலியில் கொண்டு விடும். அதனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 75-க்கு வந்து சேர எட்டு மாதம் ஆனது. முழு அளவு எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை, சுரப்பியில் மீதி இருப்பதைப் பொறுத்தது.

அந்த எட்டு மாதமும் கஷ்டம்தான். மாலை ஆறு மணிக்கே கண் சொக்கும். பேரன் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். முதலில் மாறியது மலச்சிக்கல். அப்புறம் குளிர். அப்புறம் முகத்து வீக்கம். நினைவு கடைசியில் வந்தது. எனக்கு வந்த வரிசையிலேயே உங்களுக்கும் வரும் என்று இல்லை, ஆனால் எல்லாம் ஒரே நாளில் வராது.

சாகும்வரை மாத்திரையா என்று கேட்கிறார்கள் இல்லையா? நானும் அதைக் கேட்டு நொந்துபோயிருக்கிறேன். பிறகு படித்தேன். 1891-இல் இங்கிலாந்தில் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்கிற மருத்துவர், 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டைச் சாறெடுத்து ஊசியாகப் போட்டார். அதற்கு முன் இந்த நோய் முற்றியவர்களுக்கு மருந்தே கிடையாது. உடம்பெல்லாம் வீங்கி, புத்தி மங்கி, மெல்ல மெல்லப் போய்ச் சேர்வார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்து, 74 வயதில்தான் இறந்தார். அவருக்காக எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது. 1914-இல் அமெரிக்காவில் கெண்டல் என்பவர் தைராக்சினை, அதாவது அந்த டி4 ஹார்மோனை, தனியாகப் பிரித்தெடுத்தார், 1927-இல் ஆய்வகத்திலேயே செய்தார்கள். இன்று பொட்டு அளவு மாத்திரை, ஒரு நாளைக்குச் சில ரூபாய். காலையில் அதைக் கையில் எடுக்கும்போது எனக்கு நன்றிதான் தோன்றுகிறது.

மூலிகைத்தோட்டம் | ஜூன் 13, மதியம் 1.10

என் சித்திக்குத் தைராய்டு இருந்தது. மாத்திரையை விட்டுவிட்டு ஒரு சூரணம் சாப்பிட்டார், சரியாகிவிட்டது. நிறுத்திவிட்டு முயற்சி செய்து பார்க்கலாமே. ஹார்மோன் மாத்திரை உடம்புக்குச் சூடு.

நிலாமுற்றம் | ஜூன் 13, மாலை 4.45

மூலிகைத்தோட்டம், உங்கள் சித்தி நன்றாக இருக்கட்டும். குழந்தைப்பேறுக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி சிலருக்குத் தானாகவே ஒரு வருடத்துக்குள் சரியாவது உண்டு. லேசாக ஏறிய டிஎஸ்எச் தானாக இறங்குவதும் உண்டு. அவருக்கு எது என்று நமக்குத் தெரியாது. ஆனால் டிஎஸ்எச் 62, ஃப்ரீ டி4 0.4 என்று இருப்பவரிடம் நிறுத்திப் பார் என்று சொல்லாதீர்கள். இது எனக்கு மிக நெருக்கமான விஷயம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

என் மகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு சுரப்பி இல்லை. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டிஎஸ்எச் நூறைத் தாண்டியிருந்தது. பார்க்க நல்ல குழந்தை, அழுகை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஒன்பதாம் நாளே மாத்திரை தொடங்கினோம். மூன்று கிலோ குழந்தைக்கு 37.5 மைக்ரோகிராம். பெரியவர்களைவிடக் குழந்தைக்குக் கிலோ கணக்கில் பல மடங்கு அதிகம், 10 முதல் 15 வரை, ஏனென்றால் மூளை வளர்கிற நேரம். மாத்திரையைப் பொடித்து, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கரைத்து ஊட்டுவேன். பால் புட்டியில் கலக்கக் கூடாது, மிச்சம் வைத்துவிட்டால் மருந்தும் மிச்சமாகிவிடும்.

"பச்சை மண்ணுக்கு ஹார்மோனா" என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. அன்றைக்கு அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அவள் மூளை வளர்ச்சி திரும்பப் பெற முடியாதபடி போயிருக்கும். அவளுக்கு இப்போது ஏழு வயது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள்.

உடம்பில் சூடு என்று சொல்கிறார்களே, கரும்பலகை, உங்களுக்கு இல்லாமல் போனதே அந்தச் சூடுதான். ஏப்ரலில் ஃபேனை நிறுத்தச் சொன்னீர்கள்.

கரும்பலகை | ஜூன் 13, இரவு 9.30

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். இசிஜி சரியாக இருக்கிறது. நாடித் துடிப்பு 96. ரத்தசோகையும், இவ்வளவு நாள் மந்தமாக இருந்த இதயம் கொஞ்சம் விழித்துக்கொள்வதும் சேர்ந்துதான் என்றார். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டோஸை மாற்றவில்லை. இன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுக்கச் சொன்னார்.

முர்ரே கதையை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "ஆட்டுச் சாறா" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "சரி, மாத்திரையே போடு" என்றார்.

ஆனால் காலைக் காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பது கஷ்டமாக இருக்கிறது. ஏழரைக்குப் பள்ளி வேன்.

பிறைநிலா | ஜூன் 14, காலை 5.50

அப்படியென்றால் இரவில் போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நான் காயல்பட்டினம். ரமலான் நோன்பில் காலை மாத்திரை பெரிய சிக்கல். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் உணவுக்கு அரை மணி முன்னால் எழுந்து போட வேண்டும், தூக்கக் கலக்கத்தில் பாதி நாள் தவறிவிடும். என் மருத்துவர் இரவுக்கு மாற்றினார். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. நோன்பு நாளில் மாலை நோன்பு திறக்கும் இஃப்தார் முடிந்து, இரவுத் தொழுகையான தராவீஹ் தொழுது, படுக்கப் போகும்போது வயிறு ஏறக்குறையக் காலியாகிவிடும். நோன்பு முடிந்த பிறகும் இரவிலேயே தொடர்கிறேன். காலையா இரவா என்பதைவிட, தினமும் ஒரே மாதிரி போடுவதுதான் முக்கியம். இன்று காலை, நாளை இரவு என்று மாற்றினால் அளவு தடுமாறும்.

இன்னொன்று. ஒருநாள் மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம், நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். மருந்துக்கடை சொன்ன அந்த ஏழு நாள் கணக்கு நமக்கு இதில் உதவி செய்கிறது.

வேகநடை | ஜூன் 19, இரவு 8.00

மருந்துக்கடை கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஏழு மாதமாக ரத்தம் எடுக்கவில்லை. திங்கட்கிழமை எடுத்தேன். டிஎஸ்எச் 0.02, அதாவது மருந்து மிஞ்சிப்போயிருக்கிறது. நாடி 118. கை நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் நான் சுறுசுறுப்பு என்று நினைத்திருக்கிறேன். இப்படியே போனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பும் தேயும் என்று மருத்துவர் விளக்கினார். 62.5-க்கு இறக்கியிருக்கிறார்.

கரும்பலகை, என் முதல் பதிலைப் பொருட்படுத்த வேண்டாம். உங்களை அந்த வழியில் அனுப்பப் பார்த்ததற்கு மனதார மன்னிப்புக் கேட்கிறேன்.

கரும்பலகை | ஜூலை 9, இரவு 9.10

வேகநடை, நீங்கள் வந்து சொன்னதே பெரிய விஷயம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரைக் கேட்டு இரவுக்கு மாறிவிட்டேன். ஏழு மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்கு மாத்திரை, காலையில் நிம்மதியாகக் காபி. சாப்பாட்டுக்குப் பிறகு பசித்தால் பிஸ்கட் எடுக்கிற பழக்கத்தை நிறுத்தினேன். இரவுக்கு வைத்திருந்த கால்சியம் காலைச் சிற்றுண்டியோடு, இரும்பு மதியம்.

அழுகை நின்றுவிட்டது. எந்த நாளில் நின்றது என்று சொல்லத் தெரியவில்லை, ஒருநாள் யோசித்தபோதுதான் இரண்டு வாரமாக அழவில்லை என்று தெரிந்தது. மலச்சிக்கல் பாதி குறைந்திருக்கிறது. ஆனால் முடி, ஐயோ, இன்னும் கொட்டுகிறது. வழுக்கை விழுமோ என்று பயந்து, தோழி சொன்ன பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். இன்னும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கம்பு எதுவும் தொடக்கூடாது என்கிறார்களே, உண்மையா?

லேப்கோட் | ஜூலை 9, இரவு 10.00

பயோட்டின் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். அதிக மில்லிகிராம் உள்ளதென்றால் இன்னும் முன்பே, மருத்துவரிடம் கேட்டு. பல இயந்திரங்களில் சோதனை முறையே பயோட்டினை வைத்துத்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், ஃப்ரீ டி4 பொய்யாக ஏறியும் காட்டும். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மருத்துவர் "டோஸ் அதிகம்" என்று குறைத்துவிட்டால், உங்கள் ஆறு வாரமும் வீண்.

கூடவே இதையும் வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே லேப், ஏறக்குறைய அதே நேரம். காலையில் மாத்திரை போடுகிறவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டுப் போடுவது நல்லது. போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் தூக்கிக் காட்டும்.

மருந்துக்கடை | ஜூலை 9, இரவு 11.15

முடி விஷயம் பல பெண்களை உடைத்துவிடுகிறது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். இன்று கொட்டும் முடி, இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போன முடி. அதாவது உங்கள் டிஎஸ்எச் 62-இல் இருந்தபோது போனது. மாத்திரை போட ஆரம்பித்த பிறகு அது விழுவதால் பழி மாத்திரை மேல் விழுகிறது. நிலைமை சீரானதும் புது முடி வரும், ஆனால் மாதக் கணக்கில் ஆகும். இரும்புச் சத்து குறைவும் முடியைக் கொட்டச் செய்யும். உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். அயோடின் கிடைக்காத ஊரில் மூன்று வேளையும் கம்பையோ மரவள்ளியையோ நம்பி இருந்தவர்களுக்கு வந்த தொல்லையை வாரம் ஒருநாள் கூழ் குடிக்கிறவருக்குப் பொருத்த வேண்டாம். அயோடின் கலந்த உப்பு வீட்டில் இருக்கிறது, அதுவே போதும். கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஹஷிமோட்டோவில் அளவுக்கு மீறிய அயோடின் சுரப்பியை மேலும் கெடுக்கும். சோயா மட்டும் மாத்திரை நேரத்தை ஒட்டி வேண்டாம்.

கரும்பலகை | ஜூலை 26, மாலை 6.20

ரிப்போர்ட் வந்துவிட்டது. டிஎஸ்எச் 21. ஃப்ரீ டி4 0.8. ஹீமோகுளோபின் 10.4. இன்னும் நார்மல் இல்லை, ஆனால் 62 எங்கே 21 எங்கே! 75-க்கு ஏற்றியிருக்கிறார். ஃபெரிட்டின் 9, இரும்பை இன்னும் மூன்று மாதம் தொடரச் சொன்னார்.

எடை ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. பத்து கிலோ குறையும் என்று நினைத்திருந்தேன்.

பனங்காடு | ஜூலை 27, காலை 7.30

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில் இருக்கிறன். எடையைப் பற்றி எனக்கும் அந்த ஏமாற்றம் இருந்தது. தைராய்டு குறைவால் ஏறுகிற எடையில் பெரும்பகுதி உடம்பில் தேங்கிற உப்பும் தண்ணீரும்தான். வீக்கம் வடிய ரெண்டு மூன்று கிலோ இறங்கும். மிச்சம் எல்லாரையும் போலச் சாப்பாட்டாலும் நடையாலும்தான் குறையும். எடைக்காக டோஸைக் கூட்டச் சொல்லி மருத்துவரை நெருக்கிற ஆட்களை இங்கேயும் பார்த்திருக்கிறன், வேண்டாம்.

இங்கே மாத்திரைக்கு நிறம் உண்டு. 25 ஆரஞ்சு, 50 வெள்ளை, 100 மஞ்சள். ஒருமுறை கடையில் வேறு கம்பனி மாத்திரை தந்தார்கள், நானும் கவனிக்கேல்லை. மூன்று மாதத்தில் என்ர டிஎஸ்எச் ஆடிப்போச்சு. உள்ளே இருப்பது மைக்ரோகிராம் அளவு, சின்ன வித்தியாசமும் சிலருக்குப் பிடிபடும். ஒரே கம்பனியில் நில்லுங்கோ, மாற வேண்டி வந்தால் ஆறு வாரத்தில் ரத்தம் பாருங்கோ.

மருந்துக்கடை | ஜூலை 27, காலை 8.40

பனங்காடு சொன்னது நம் ஊருக்கும் பொருந்தும். எல்ட்ராக்சின் வாங்கினால் எல்ட்ராக்சின், தைரோனார்ம் வாங்கினால் தைரோனார்ம். பெயரோடு எண்ணையும் பாருங்கள். 12.5-க்கும் 125-க்கும் நடுவில் ஒரு புள்ளிதான், அந்தப் புள்ளி பத்து மடங்கு.

கரும்பலகை | செப்டம்பர் 14, இரவு 8.50

டிஎஸ்எச் 6.4. மாத்திரை இப்போது 88 மைக்ரோகிராம். படபடப்பு சுத்தமாக இல்லை. நேற்று காலை பிரேயரில் நான்தான் தமிழ்த்தாய் வாழ்த்துக்குக் குரல் கொடுத்தேன். போன வருடம் முழுவதும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன், மேல் சுருதிக்குக் குரல் போகவே போகாது. நேற்று போனது. முன் நெற்றியில் குட்டிக் குட்டியாகப் புது முடி நிற்கிறது.

ஆத்தங்கரை61 | செப்டம்பர் 15, காலை 6.10

படித்துவிட்டு வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். சந்தோஷம் தங்கச்சி.

கரும்பலகை | நவம்பர் 10, இரவு 9.40

டிஎஸ்எச் 2.1. ஹீமோகுளோபின் 12.2. அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்துப் போதும் என்றார். மோதிரம் சோப்பில்லாமல் கழன்று வருகிறது.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மகனுக்கு ஆறு வயது ஆகிறது. இன்னொரு குழந்தை வேண்டும் என்று நானும் அவரும் நினைக்கிறோம். இந்த மாத்திரையோடு முடியுமா? அந்தச் சமயத்தில் நிறுத்த வேண்டுமா?

நிலாமுற்றம் | நவம்பர் 10, இரவு 10.05

நிறுத்தவே கூடாது. முதல் மூன்று மாதம் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவிடமிருந்து போகும் ஹார்மோன்தான் அதன் மூளைக்கு. அதனால் தேவை கூடும். திட்டமிடும்போதே டிஎஸ்எச் 2.5-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், உங்களுக்கு இருக்கிறது. கர்ப்பம் உறுதியான அன்றே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பொதுவாக வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது போடச் சொல்வார்கள். பிறகு கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம். ஸ்கேனுக்கு நாள் வரும் வரை காத்திருக்காதீர்கள், முதல் வாரங்களில்தான் அந்தக் கூடுதல் தேவை. உங்கள் அளவு என்ன என்பதை இப்போதே அவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை | நவம்பர் 11, காலை 7.20

அப்படியே. அப்போது கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் அதே நான்கு மணி நேரம். வாந்தி மசக்கையில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கரும்பலகை | நவம்பர் 16, மாலை 5.30

இன்று போய்க் கேட்டேன். பழைய சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்: "உறுதியானதும் வாரம் 9 மாத்திரை, உடனே அழைக்கவும்." மாத்திரைப் பாட்டிலோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, படுக்கை அறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.